லாத்தாவுக்கு ‘மாதிரி’ ஆகாது

தட்டு கூடைக்குக் கீழேயே, குனிந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கும். எங்களில் யாராக இருந்தாலும் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கூடையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவோம். அவ்வளவு பக்கத்திலிருந்து யார்தான் தவறவிடுவார்கள்? போட்டதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். லாத்தா மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார். அபாயாவை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டு கிடந்த இடத்தில் காலை ஊன்றி, கூடையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகப் போடுவார். சங்கிலி குலுங்கித் தட்டு உள்ளே விழுந்த பிறகுதான் அங்கிருந்து நகர்வார்.

“போட்டாத்தானே போட்டது” என்பார், யாரும் கேட்காமலே.

டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருப்பதே அவரைப் பார்ப்பதற்கு முன் எனக்குத் தெரியாது. பந்துக்குப் பதிலாக பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாக கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும். தூரத்திலிருந்து தட்டை வீசி, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கடைசியில் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். யார் குறைவான எறிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். அவ்வளவுதான் விளையாட்டு. துபாயின் வெளிப்பக்கம் புதிதாக எழும்பியிருந்த குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பூங்கா. அதில் நடைபாதையை ஒட்டி இப்படி ஒன்பது கூடைகளை நட்டு வைத்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அவற்றைக் குப்பைத் தொட்டி என்று நினைத்துக் காலி ஜூஸ் பாட்டில்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். லாத்தா முதல் வேலையாக அந்த பாட்டில்களைப் பொறுக்கி எடுப்பார்.

நான் அந்தப் பக்கம் வீடு மாறிப்போன குளிர்காலத்தில், மாலை நடைக்குப் போனபோது என் காதோரமாக ஒரு ஆரஞ்சு நிறத் தட்டு பறந்து வந்து வேப்பமரத்தில் மோதியது. பின்னாலேயே கறுப்பு அபாயாவும் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஓர் அம்மாள் ஓடி வந்தார். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார், பிறகு இந்தியில் கேட்டார். நான் வாய்க்குள் ‘அய்யய்யோ’ என்று சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்.

“தமிழா? மேல பட்டுச்சாம்மா?”

“படலங்க. படாத மாதிரிதான் போச்சு.”

“படாத மாதிரின்னா? பட்டுச்சா, படலியா?” என்று கேட்டு, என் தோளைத் திருப்பிப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தட்டை எடுக்கப் போனார்.

ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள் என்று அவரே சொன்னதால், நானும் என் கணவரும் அப்படியே கூப்பிட்டோம். சனிக்கிழமை காலைகளில் மூவரும் சேர்ந்து ஆடுவது வழக்கமாயிற்று. அந்த ஆரஞ்சுத் தட்டு, லைசென்ஸ் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு ஃபிலிப்பினோ நர்ஸ் அவருக்குக் கொடுத்தது. லாத்தா டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

துபாயில் லைசென்ஸ் வாங்குவது எத்தனை பெரிய பாடு என்று வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். ரோடு டெஸ்டில் தோற்றுத் தோற்று அழுகிற பெண்களையெல்லாம் லாத்தாவிடம் அனுப்புவார்கள். சிலர் அவரிடமிருந்து தப்பித்து வேறு ஆசிரியை கேட்டு ஓடுவதும் உண்டு. காரணம் ‘ஸ்டாப்’ பலகைதான். பலகையைக் கண்டதும் எல்லோரும் வேகத்தைக் குறைப்போம். ரோடு காலியாக இருந்தால் நின்றும் நிற்காமலும் உருட்டிக்கொண்டு போய்விடுவோம். லாத்தா தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார்.

“நின்ன மாதிரி காட்டக்கூடாது. சக்கரம் நிக்கணும். நின்னுச்சான்னு எறங்கிப் பாத்துட்டு வர்றியா?”

ஒரு எகிப்துக்காரப் பெண் உண்மையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார் லாத்தா. அந்தப் பெண்ணே பிறகு அலுவலகத்தில் புகார் கொடுத்ததையும் அதே சிரிப்போடுதான் சொன்னார்.

அவருக்குப் பிடிக்காத இன்னொன்று, அங்கே எல்லோரும் ‘இன்ஷா அல்லாஹ்’ சொல்லும் விதம். ஏ.சி. ரிப்பேர் செய்ய வரமாட்டேன் என்பதற்கும் இன்ஷா அல்லாஹ், சம்பளம் இந்த மாதம் கிடையாது என்பதற்கும் இன்ஷா அல்லாஹ். “அல்லா பேரச் சொல்லி இல்லைங்கிறது என்ன பழக்கம்? வரலைன்னா மாஃபி, இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்” என்று ஒரு பிளம்பரை போனில் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். அவரே அந்த வார்த்தையைச் சொன்னால் அது நிச்சயம் நடக்கும் என்று அர்த்தம். அதனால் அதை மிக அபூர்வமாகத்தான் சொல்வார்.

இதையெல்லாம் கேட்டு அவரைக் கறாரான மனுஷி என்று நினைத்தால் தவறு. சிரிப்பார், கிண்டல் செய்வார், பிஸ்கட் டப்பாவும் இஞ்சி டீயும் இல்லாமல் ஆட வரமாட்டார். விளையாட்டிலும் பெரிய கெட்டிக்காரர் இல்லை. தட்டு பாதித் தூரம் போனதும் சோர்ந்து இடதுபக்கம் சரிந்துவிடும். கடைசியாக வருவது பெரும்பாலும் அவர்தான். அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. ஆனால் அவரோடு இருக்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். எந்த நேரத்தில் எதை நிறுத்தி, ‘இது மெய்யா?’ என்று கேட்பாரோ என்று.

ஒரு சனிக்கிழமை நான்கைந்து இளைஞர்கள் எங்களோடு சேர்ந்து ஆடினார்கள். தமிழ்ப் பையன்கள், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. ஒருவன் புதிதாக நிச்சயமான பெண்ணையும் கூட்டி வந்திருந்தான். நன்றாகவே ஆடினான். மூன்றாவது கூடைக்குப் பக்கத்தில் அவன் தட்டு விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்தபடி, “ஆண்ட்டி, இத போட்டதா வச்சுக்கலாம்” என்றான்.

“போட்டுருங்க தம்பி.”

“இவ்ளோ பக்கத்துலயா?”

“பக்கந்தானே, சட்டுனு போட்டுருங்க.”

அவன் சிரித்துக்கொண்டே விட்டெறிந்தான். தட்டு கூடையின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. நண்பர்கள் ‘ஓ’ என்று கத்தினார்கள். அவன் எடுத்து மறுபடி போட்டான். சங்கிலியில் பட்டு வெளியே விழுந்தது. இந்த முறை அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பையனின் காது சிவந்துபோயிற்று. அதன் பிறகு அவன் கை சரியாகவே வரவில்லை. ஆறாவது கூடையோடு ‘வேலையிருக்கிறது’ என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

“விட்டிருக்கலாமே லாத்தா. பாவம், அந்தப் பொண்ணு முன்னாடி” என்றேன்.

லாத்தா உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “அவரு போட்டுருவாருன்னுதான்மா நெனச்சேன்” என்றார்.

அன்று முழுவதும் அவர் முகம் சரியில்லை. கிளம்பும்போது, “அந்தத் தம்பி நம்பர் இருக்கா உங்கிட்ட?” என்று கேட்டார். இருந்திருந்தால் என்ன பேசியிருப்பாரோ தெரியாது.

அவருடைய குடும்பத்தைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. தனியாக இருக்கிறார், ஒரு மகள் இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். ஒருநாள் என் கணவர் வேலை காரணமாக வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் ஆறாவது கூடைக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். புல்லில் கொண்டலாத்திப் பறவை ஒன்று குத்திக் குத்தி எதையோ தேடிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு ஓமன் பக்கம் போகலாமா என்று நினைக்கிறோம், சோஹார் நன்றாயிருக்குமா என்று நான் சாதாரணமாகக் கேட்டேன்.

“கடற்கரை நல்லா இருக்கும். நான் எங்க வீட்டுக்காரகளப் பாக்கப் போயிருக்கேன்.”

“அவர் அங்கதான் இருக்காரா?”

“அங்கதான் இருக்காக. வேற பொண்டாட்டி, ரெண்டு புள்ளையோட.”

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவர் வைக்கவில்லை. துண்டு துண்டாக, சில இடங்களில் நான் கேட்டுக் கேட்டு, அந்தக் கதையைச் சொன்னார். கணவர் துறைமுகத்தில் வேலை கிடைத்து சோஹாருக்குப் போனவர். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு பெருநாளுக்கு வந்தார். பிறகு போன் மட்டும் வந்தது. அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது லாத்தாவுக்கு முன்பே ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய மாமி, நாத்தனார்கள், சொந்த உம்மாகூடச் சொன்னது ஒன்றுதான்: புருஷன் இருக்கிற மாதிரியே இருந்துவிடு, பணம் வருகிறது, போன் வருகிறது, வெளியில் எதற்குத் தெரிய வேண்டும்?

மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. பத்திரிகையில் வாப்பாவின் பெயர் போட வேண்டும், நிக்காஹுக்கு அவர் வந்து உட்கார வேண்டும். வருகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

“எனக்குத்தாம்மா முடியல. அவுகளக் கூட்டியாந்து, புதுச் சட்ட போட்டு உக்கார வச்சு, எம் பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்து, மறுநா சோஹாருக்கு அனுப்பி விடணுமா? அந்தப் போட்டோவ நான் எங்கிட்டு மாட்ட?”

வண்டிக்கு ஓமன் இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை தனியாக மலை வழியே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த வீட்டுப் பெண்தான் கதவைத் திறந்து, யாரென்று தெரியாமல் மோர் கொடுத்தாளாம். கணவர் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தார்.

“சண்ட போட்டீங்களா?”

“சண்டைக்கா போனேன்? இருக்காகளா இல்லையான்னு கேக்கத்தான் போனேன். நான் உங்களுக்குப் பொண்டாட்டியா இல்லையா, சொல்லுங்கன்னேன். ரொம்ப நேரம் தரையப் பாத்துட்டு, இல்லைன்னாக. சரின்னு வந்துட்டேன். மறுநாக் காலையில எனக்குக் கிளாஸ் இருந்துச்சு.”

பிறகு ஊர் ஜமாஅத்தில் மணவிலக்கை முறைப்படி எழுதி முடித்துக்கொண்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள்.

“மக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நாலு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா உம்மான்னா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல.”

மகள் வாப்பா வீட்டாரோடு போய் இருந்துகொண்டாள். பிறகு மதுரையில் வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. அழைப்பை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். லாத்தா போனார். “பந்தியில உக்காந்து சாப்ட்டுட்டு வந்தேன்” என்றார். அதன்பிறகும் மகள் அவரோடு பேசவில்லை.

“அவங்களுக்கும் மனசுக்குள்ள உங்க மேல பாசம் இருக்கத்தான் செய்யும்” என்றேன்.

“இருக்கலாம்” என்று எழுந்து தட்டை எடுத்துக்கொண்டார் லாத்தா. “காத்து மாறுது. நீ போடு மொதல்ல.”

அந்த வருடம் கோடை தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் என் கணவருக்கு வேலை போயிற்று. ஒரு சரக்குக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தார். எனக்கு அவர் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் சட்டை போட்டுக்கொண்டு, நான் கட்டிக் கொடுக்கும் டிபனை வாங்கிக்கொண்டு கிளம்புவார். மாலையில் அதே நேரத்துக்கு வருவார். நான் கண்டுபிடித்தது அவருடைய போனால்தான். முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் லாரி டிரைவர்கள் ‘பாய், கேட் பாஸ்’ என்று மாற்றி மாற்றி அழைப்பார்கள். அந்த போன் திடீரென்று ஊமையாகிவிட்டது. அவரோடு வேலை பார்த்தவரின் மனைவியை சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எப்படி சமாளிக்கிறீங்க?’ என்றாள். அப்போது உறுதியாயிற்று.

நானும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். ஒரு பல் மருத்துவமனை வரவேற்பில் எனக்கு வேலை இருந்தது; வீடு ஓடியது. தினமும் காலையில் டிபன் கட்டினேன். ‘இன்னைக்கு வேலை அதிகமா?’ என்று மாலையில் கேட்டேன். ‘ஆமா, சரியான டென்ஷன்’ என்றார். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. சனிக்கிழமை ஆட்டத்தை மட்டும் அவர் விடவில்லை.

அன்று ஐந்தாவது கூடையில் அவர் வீசிய தட்டு அரளி வேலிக்கு அப்பால் போய்விட்டது. அவரும் லாத்தாவும் அந்தப் பக்கம் தேடினார்கள். நான் இந்தப் பக்கம் தேடினேன். இலைகளுக்கு நடுவே குரல் கேட்டது.

“தம்பி, செவ்வாக்கெழமையும் பாத்தேன், முந்தாநாளும் பாத்தேன். கார் பார்க்கிங்ல அந்த வேப்ப மரத்தடியில உங்க வண்டி நின்னுச்சு. நான் புள்ளைகளுக்கு ரிவர்ஸ் பழக்க அங்கிட்டுத்தான் கூட்டியாருவேன்.”

“இந்தப் பக்கம் ஒரு மீட்டிங் லாத்தா.”

“வேல போயிருச்சா?”

இலைகளை விலக்கும் சத்தம் நின்றது. நான் குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

“அவளுக்குத் தெரியுமா?”

“அடுத்தது கெடச்சதும் சொல்லிக்கலாம்னு இருக்கேன். இப்ப எதுக்கு அவளப் போட்டு...”

“இன்னைக்கே வீட்டுக்குப் போயிச் சொல்லிருங்க. ஆபீசுக்குப் போற மாதிரி எத்தன நாளைக்குப் போவீங்க? வெயில் ஏறிக்கிட்டு வருது. வண்டிக்குள்ள உக்காந்து நீங்க சோறு திங்கிறதப் பாக்க நல்லா இல்ல தம்பி.”

“இது எங்க வீட்டு விஷயம் லாத்தா.”

“ஆமா. அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவகிட்ட நானாச் சொல்ல மாட்டேன். ஆனா அவ என்னயக் கேட்டா, தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன்.”

என் கணவர் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. “யல்லா, போலாம்” என்றார் என்னிடம். தட்டைத் தேடவேயில்லை. அவர் காரின் கதவைச் சாத்திய வேகத்தில் பக்கத்து மரத்திலிருந்து மைனாக்கள் பறந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லாத்தா இன்னும் அந்த அரளிப் புதருக்குள் கையை விட்டுத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று கணவர் என்னிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று, ஒரே மூச்சில் சொன்னார். நான் குழாயை மூடிவிட்டு, “எனக்குத் தெரியும்” என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதி அப்படியே வடிந்துபோயிற்று.

“தெரிஞ்சுக்கிட்டேவா டிபன் கட்டிக் குடுத்த?”

“நீங்க வாங்கிட்டுப் போனீங்களே.”

“தெனமும் சாயந்தரம் வேல அதிகமான்னு கேட்டியே. வேடிக்க பாத்திருக்க.”

எங்களுக்குக் கல்யாணமாகி அதுவரை அப்படி ஒரு சண்டை வந்ததில்லை. யார் யாரை ஏமாற்றியது என்பதில் தொடங்கி எங்கெங்கோ போயிற்று. இரண்டு நாள் அவர் ஹாலில் படுத்தார். எனக்கு வந்த கோபமெல்லாம் லாத்தா மேல்தான் திரும்பியது. ஒரு மாதிரியாகச் சமாளித்துக்கொண்டிருந்த வீட்டை அவர் வந்து உடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. மறுபடி செய்தார், எடுக்கவில்லை. ‘தட்டு கெடச்சிருச்சு. எங்கிட்ட இருக்கு’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதற்கும் பதில் போடவில்லை. தன் மகளிடம் செய்ததையே எங்களிடமும் செய்துவிட்டார் என்று கணவரிடம் சொன்னேன். 

ஆனால் ஒன்று நடந்தது. ஒளிக்க வேண்டியது இல்லை என்றானதும் கணவர் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். பஹ்ரைனில், குதைபியாவில் இருக்கும் என் பெரியப்பா மகனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் போனிலேயே கத்தினான். “முன்னாடியே சொல்றதுக்கு என்ன மாமா? போன மாசம்தான் எங்க கம்பெனில ஒரு எடத்துக்கு ஆள் எடுத்தாங்க. சரி விடுங்க, பயோடேட்டாவ அனுப்புங்க.” கோடை முடிவதற்குள் அங்கே கிடங்கு வேலை ஒன்று கிடைத்துவிட்டது. நானும் வேலையை விட்டுவிட்டு உடன் போவதாக முடிவாயிற்று.

சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, “லாத்தாவக் கூப்பிடு. நாளைக்கு ஒரு ரவுண்டு போட்டுட்டுப் போவோம்” என்றார்.

“நீங்களே கூப்பிடுங்க.”

“எனக்கு வெக்கமா இருக்கு.”

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. மணி அடித்ததும் லாத்தா எடுத்தார். எத்தனை மாதம் ஆயிற்று, ஏன் பேசவில்லை என்று எதையும் கேட்கவில்லை. “காலையில சீக்கிரம் வந்துருங்க. இப்பவும் வெயில் சுள்ளுனுதான் அடிக்குது” என்றார்.

போனபோது என் கணவரின் தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். முதல் கூடையிலேயே கணவர் சொல்லிவிட்டார். “லாத்தா, அன்னைக்கு வழியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே போனேன்.”

“தெரியும் தம்பி. கார்க் கதவு சொல்லிருச்சே.”

மூவரும் சிரித்தோம். அவ்வளவுதான். அதைப் பற்றி வேறு பேச்சில்லை. ஆனால் லாத்தா கொஞ்சம் இளைத்திருந்தார். ஊருக்குப் போய்விட்டு முந்தைய வாரம்தான் திரும்பியதாக, ஆறாவது கூடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபோது சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன்தான் போட்டோ அனுப்பியிருக்கிறார். கூடவே, ‘மாமி, இப்ப வர வேண்டாம். நான் வீடியோ கால் போடுறேன், அதுல பாத்துக்குங்க. நேர்ல பாத்த மாதிரிதான் இருக்கும்’ என்று எழுதியிருந்தாராம்.

“போகாம இருப்பீங்களா நீங்க?” என்றேன்.

“லீவு போட்டு, மதுரைக்குப் போயி மணி அடிச்சேன். மருமகன்தான் கதவு தொறந்தாரு. ஆடிப்போயிட்டாரு பாவம். உள்ள போயி என்னமோ பேசிட்டு, புள்ளையக் கொண்டாந்து எம் மடியில வச்சாரு. பொம்பளப் புள்ள. நல்லாத் தூங்குனா.”

“மக?”

“உள்ரூம்ல இருந்தா. வரல.”

“வரவேயில்லையா?”

“இல்ல. கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு. அவ காலு தெரிஞ்சுச்சு, கட்டில்ல. நான் கூப்பிடல. மருமகன் டீ போட்டாரு. சீனி டப்பா சத்தம் கேட்டதும் உள்ளருந்து சொன்னா, ‘அவங்களுக்குச் சீனி போடாதீங்க, சுகர் இருக்கு’ன்னு.”

லாத்தா இதைச் சொல்லிவிட்டுத் தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த புல்லை நகத்தால் சுரண்டினார்.  என் கணவர்தான் மெதுவாகச் சொன்னார்.

“அது உங்ககிட்ட பேசின மாதிரிதான லாத்தா?”

லாத்தா அதை நன்றாக யோசித்தார். 

“இல்ல தம்பி. அது அவ மாப்பிள்ளைகிட்ட பேசினது. எங்கிட்ட இன்னும் பேசல” என்றார். பிறகு, “அடுத்த லீவுக்கும் போவேன், இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லி எழுந்து, வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே குறி பார்த்து வீசினார். தட்டு வழக்கம்போல் இடதுபக்கம் சரிந்து விழுந்தது. அதை நோக்கி நடந்தார்.

ஒன்பது கூடைகளையும் முடித்தோம். என் கணவர் அன்று ஒவ்வொரு கூடையிலும், எத்தனை பக்கத்தில் கிடந்தாலும், நின்று போட்டார். லாத்தா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கார் கிளம்பும்போது பிஸ்கட் டப்பாவை என் மடியில் வைத்து, “டப்பா திருப்பித் தர வேணாம்” என்றார்.

பஹ்ரைனுக்கு வந்த பிறகு எப்போதாவது பேசுவோம். குதைபியாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே மளிகைக் கடை, எதிரே டீக்கடை. பூங்கா என்று ஒன்றும் பக்கத்தில் இல்லை. தட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. லாத்தா அதிகம் சொல்ல மாட்டார். ஊருக்குப் போனேன், புள்ள தவழுது என்பார். இன்னொரு முறை, புள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கு என்பார். மகளைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வேலை, வீடு என்று பல மாதங்கள் பேசாமலே போய்விட்டன.

இந்த நோன்புப் பெருநாள் அன்று வாழ்த்துச் சொல்லலாமென்று கூப்பிட்டேன். மணி நீண்ட நேரம் அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

“ஹலோ?”

இளம் குரல். நம்பரை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

“லாத்தா நம்பர்தானே இது? டிரைவிங் ஸ்கூல்...”

“ஆமா, உம்மா கிச்சன்ல இருக்காங்க. நீங்க?”

என் பெயரைச் சொன்னேன்.

“ஓ, பஹ்ரைன் ஆண்ட்டியா? உம்மா சொல்லியிருக்காங்க. ஒன் செகண்ட், குடுக்கறேன்.”

பக்கத்தில் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் வீட்டுக்குள் நடந்து போவது கேட்டது. சமையலறைப் புகைபோக்கி விசிறியின் இரைச்சல் நெருங்கியது. “உம்மா” என்றாள் அவள். இரைச்சலில் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் என் கணவரைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“உம்மா!” என்று மறுபடியும், இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.